செய்யாத குற்றத்துக்குத் தண்டனையா? மேல்முறையீட்டுக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும்

செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை என்று கேட்டதுமே, வீட்டில் இருக்கும் நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிறையில் இருக்கும் யாருக்கும் மேல்முறையீட்டுக்கு இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்வது அதுதான். பின்னணி இவ்வளவு போதும், இனி அலைச்சலைப் பற்றிப் பேசலாம்.

இலவச வக்கீல் கேட்டு மனுவை நீட்டியதும் "வருமானச் சான்று எங்கே?" என்பார்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடையாது. இது தெரியாமல் விஏஓ, தாசில்தார் என்று அலைந்து காலக்கெடுவில் பாதியைத் தொலைத்த குடும்பங்கள் நிறைய. மனுவின் முதல் வரியிலேயே "12 ஜி பிரிவின்படி காவலில் உள்ளவர்" என்று எழுதிவிடுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீனில் வந்துவிட்டால் அவர் 'காவலில் உள்ளவர்' இல்லை. பிறகு விண்ணப்பித்தால் வருமானக் கேள்வி திரும்ப வரும். உள்ளே இருக்கும்போதே மனு போய்விட வேண்டும்.

செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள்தான். மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் போகவும் 30 நாள். கெடு தாண்டிவிட்டால் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சிறையிலேயே யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைச் சேர்த்துப் போடலாம். ஆனால் "வறுமையால் தாமதம்" என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது. தீர்ப்பு நகல் கைக்கு வந்த தேதி, சிறை மாற்றிய தேதி, முதலில் மனு கொடுத்த தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

மனுவைச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே கொடுக்கலாம். அதை அனுப்பிவைப்பது அவருடைய கடமை, சலுகை அல்ல. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, பதிவு எண்ணும் தேதியும் வாங்குங்கள். வெளியே இருக்கும் குடும்பம் இலவச வக்கீலை நியமிக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கா, அதன் மதுரைக் கிளைக்கா என்பதைத் தண்டித்த நீதிமன்றம் இருக்கும் மாவட்டம்தான் முடிவு செய்யும். அடைத்திருக்கும் சிறை அல்ல. திருச்சியில் தண்டனை பெற்றவர் கடலூர் சிறையில் இருந்தாலும் வழக்கு மதுரைக்குத்தான். தவறான இடத்துக்குப் போன காகிதம் திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

தீர்ப்பு நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் கடைசிப் பத்தியைப் படியுங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் சான்றுப் பொருள்களை அழித்துவிடலாம் என்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ரத்தக்கறை படிந்த சட்டை அழிந்துவிட்டால் பிறகு எந்த டிஎன்ஏ சோதனையும் நடக்காது. மேல்முறையீடு போட்டது தண்டித்த நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டும். பொருள்களைப் பத்திரப்படுத்தச் சொல்லி மனுவும் போடச் சொல்லுங்கள். இதை வக்கீல்களே மறந்துவிடுகிறார்கள்.

விசாரணையில் வக்கீல் எப்படி நியமிக்கப்பட்டார் என்பதையும் தோண்டிப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் அனோக்கிலால் வழக்கில், சட்ட உதவி வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டும் பதிவானது. இரண்டே வாரத்தில் மரண தண்டனை. அது 2013. உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது; 2024-இல்தான் அவர் விடுதலையானார். இது போன்ற பெரிய வழக்குகளில் வக்கீல் தயாராகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. உங்கள் வழக்கில் தந்தார்களா?

சரி, வக்கீல் கிடைத்துவிட்டார். அவர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். "ஜெராக்ஸ் செலவு", "டைப்பிங் செலவு" எல்லாமே சட்ட உதவிக்குள் அடங்கியவை. ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வேறு வக்கீலும் கேட்கலாம். "அப்பீல் போட்டாச்சு" என்ற சொல்லை மட்டும் நம்பிவிட வேண்டாம். முதலில் தரும் தற்காலிக எண்ணான எஸ்.ஆர். நம்பர் என்றால் காகிதம் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். குறை இருக்கிறது என்று ரிட்டர்ன் ஆன கட்டு வருடக்கணக்கில் மேசையில் கிடக்கும். கிரிமினல் அப்பீல் நம்பர் கிடைக்கும்வரை விடாதீர்கள். கிடைத்ததும் உயர் நீதிமன்ற இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் போட்டாரா என்று தனியாகக் கேளுங்கள்.

நிரபராதி என்று விடுதலையானால் நஷ்டஈடு கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அப்படி உரிமையாகத் தரும் சட்டம் இந்தியாவில் இல்லை. சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-வது அறிக்கையில் பரிந்துரை செய்ததோடு சரி. கட்டிய அபராதத்தையாவது திருப்பி வாங்கலாம். அதற்கும் மனு போட வேண்டும், ரசீது கேட்பார்கள். அந்த ரசீதைத் தீர்ப்பு நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.