அடுக்கில் ஒன்று கூட்டும் முன்

தொகையிடல் பாடம் தொடங்கிய இரண்டாம் நாளே மாணவர்களுக்குச் சூத்திரம் மனப்பாடம் ஆகிவிடும்: அடுக்கில் ஒன்றைக் கூட்டு, வந்த அடுக்கால் வகு. எக்ஸ்³ கொடுத்தால் எக்ஸ்⁴/4 என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் விடைத்தாள் திருத்தும்போது நான் பார்க்கும் தவறுகளில் பல, சூத்திரத்துக்கு முந்தைய வரியிலேயே நடந்து முடிந்திருக்கும்.

1/எக்ஸ்² ஐப் பாருங்கள். பகுதியில் இருக்கும் எக்ஸ்² ஐ மட்டும் தொகையிட்டு, அதைத் தலைகீழாக்கி 3/எக்ஸ்³ என்று எழுதுகிறார்கள். தொகையிடல் வகையிடலின் எதிர்ச்செயல், விடையை வகையிட்டால் கேட்டதே திரும்ப வர வேண்டும். இதை வகையிட்டுப் பார்த்தால் -9/எக்ஸ்⁴ வருகிறது. கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதலில் எக்ஸ்⁻² என்று மாற்றி எழுத வேண்டும். -2 உடன் ஒன்று கூட்டினால் -1. -3 அல்ல! ஆக விடை -1/எக்ஸ் + சி (சி ஒரு மாறிலி, அதைக் கடைசியில் பார்ப்போம்). வர்க்கமூலமும் இப்படித்தான்: அடுக்கு 1/2 என்று எழுதிவிட்டால் அடுத்தது 3/2, அதால் வகுப்பது 2/3 ஆல் பெருக்குவது.

எக்ஸ்²(எக்ஸ் + 3) வந்தால் இரண்டையும் தனித்தனியே தொகையிட்டுப் பெருக்காதீர்கள். கூட்டலில் உறுப்பு உறுப்பாகப் போகலாம், பெருக்கலில் முடியாது. விரித்து எழுதுங்கள்: எக்ஸ்³ + 3எக்ஸ்². அப்புறம் எக்ஸ்⁴/4 + எக்ஸ்³ + சி.

சரி, 1/எக்ஸ்? அடுக்கு -1. ஒன்று கூட்டினால் பூச்சியம், பூச்சியத்தால் வகுக்க வழியில்லை. இதை வெறும் விதிவிலக்காக மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குப் பிடிக்காது. எக்ஸின் எந்த அடுக்கை வகையிட்டாலும் 1/எக்ஸ் கிடைக்காது. எக்ஸ்⁰ வெறும் 1, அதன் வகைக்கெழு பூச்சியம். அடுக்குகளின் வரிசையில் விழுந்த அந்த ஓர் இடைவெளியை இயல் மடக்கை (ln எக்ஸ்) நிரப்புகிறது, அதன் வகைக்கெழுதான் 1/எக்ஸ். 1/எக்ஸ் இன் வரைபடமான அதிபரவளையத்தின் கீழுள்ள பரப்பு மடக்கையின் பண்பைக் காட்டுவது 1647-இல் வெளியான கணிதவியலாளர் கிரெகுவா த சென்-வன்சானின் நூலிலேயே இருக்கிறது. எக்ஸ் குறை எண்ணாகவும் இருக்கலாம் என்பதால் மடக்கைக்குள் மட்டுக்குறி (| |) போட மறக்காதீர்கள்.

கடைசியில் அந்த 'சி'. ஒரு மதிப்பெண்ணுக்காக ஒட்டவைக்கும் வால் என்றே பலர் நினைக்கிறார்கள். சாய்வு 3எக்ஸ்² உள்ள வளைவரை (2, 10) வழியாகப் போகிறது, அதன் சமன்பாடு என்ன? எக்ஸ்³ + சி இல் 2 ஐப் போட்டால் 8 + சி = 10, சி = 2. மாறிலியை விட்டவர் எழுதும் எக்ஸ்³ என்ற வளைவரை (2, 8) வழியாகப் போய்விடும்.