வைட் ரிசீவர்: அகலமா, அகல்வதா?

அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'வைட் ரிசீவர்' தமிழில் 'பரந்த பெறுநர்' ஆகிவிடும். கடிதத்தில் அனுப்புநர், பெறுநர் எழுதிப் பழகிய நமக்கு அது மார்பு விரிந்த ஓர் அதிகாரியைத்தான் கண்முன் நிறுத்தும். அமெரிக்கக் கால்பந்தில் அந்த இடத்தில் நிற்பவரோ பெரும்பாலும் ஒல்லியான, வேகமான ஆள்.

குழப்பம் 'வைட்' என்ற பாதியில்தான். அது ஆளின் அகலத்தைச் சொல்லவில்லை, நிற்கும் இடத்தைச் சொல்கிறது. ஆட்டம் தொடங்கும்போது பந்தைச் சுற்றி இரு அணித் தடியர்களும் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். களத்தின் குறுக்களவு 53 கஜத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கூட்டம் அடைத்துக்கொள்வது நடுவில் சில கஜம்தான். அதிலிருந்து விலகி, பக்கக்கோட்டை ஒட்டித் தனியாக ஒருவர் நிற்பாரே, அவர்தான் வைட் ரிசீவர். இன்னொரு சாட்சியும் உண்டு. கூட்டத்தை ஒட்டியே நின்று பந்து வாங்குகிறவருக்கு 'டைட் எண்ட்' என்று பெயர். அதாவது இங்கே 'வைட்' என்பதற்கு எதிர்ச்சொல் குறுகியது அல்ல, நெருங்கியது.

தொடக்கத்தில் இந்தப் பெயரே கிடையாது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்ததே 1906இல்தான். வரிசையின் இரு முனைகளில் நிற்பவர்களும் பின்னால் நிற்பவர்களும் மட்டுமே அந்தப் பந்தைப் பிடிக்கலாம். முனையில் நிற்பவருக்கு 'எண்ட்' என்று பெயர். பிறகு ஒரு முனைக்காரர் வரிசையை விட்டுப் பிரிந்து தள்ளி நின்றார், அவர் 'ஸ்ப்ளிட் எண்ட்'. பின்னால் நிற்பவர்களில் ஒருவர் பக்கவாட்டுக்கு நகர்ந்தார், அவர் 'ஃபிளாங்கர்'; படையின் பக்கத்தைக் குறிக்கும் போர்க்களச் சொல்லிலிருந்து வந்தது அது. 1960கள் வாக்கில் இரண்டு பேரையும் சேர்த்து வைட் ரிசீவர் என்று அழைப்பது பரவலானது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அகலம்' என்று போகாமல் அதன் வேரான 'அகல்' என்ற வினைக்குப் போனால் வேலை சுலபமாகிறது. அகல் என்றால் விரிதல், விலகுதல் இரண்டும்தான். 'அகன்ற தெரு' என்கிறோம். 'ஊரை விட்டு அகன்றான்' என்றும் சொல்கிறோம். "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க" என்று வள்ளுவர் சொல்வதில் அகலாது என்பது ரொம்பத் தள்ளிப் போகாமல் என்ற பொருளில்தான் வருகிறது, அதுவும் அணுகாது என்ற எதிர்ச்சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வைட், டைட் இரண்டுக்கும் நடுவே உள்ள உறவு அப்படியே அதில் இருக்கிறது. அதனால் 'அகல்நிலை' என்பது பொருத்தமாக விழும்.

'ரிசீவர்' பாதிக்குப் 'பிடிப்பாளர்' என்றால் கபடியில் ஆளைப் பிடிப்பவர் வந்து நிற்கிறார். பந்துவீச்சாளர், மட்டையாளர், களத்தடுப்பாளர் என்று கிரிக்கெட்டில் ஒரு குடும்பமே நிலைத்துவிட்டதால் 'பந்தேற்பாளர்' அதனோடு ஒத்துப்போகும். "ஏற்பது இகழ்ச்சி" என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தவர்கள் முகம் சுளிக்கலாம். ஏற்பது பந்தை என்பதால் பாதகமில்லை. ஆக முழுப்பெயர் அகல்நிலைப் பந்தேற்பாளர். ஒருமுறை அப்படி எழுதிவிட்டு, அப்புறம் பந்தேற்பாளர் என்றாலே போதும்.

ஒரே பெயருக்குள் எத்தனை விதமான ஆட்டக்காரர்கள் அடங்குவார்கள் என்பதற்கு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் பழைய ஜோடியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. லின் ஸ்வான், ஜான் ஸ்டால்வொர்த். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 1974ஆம் ஆண்டுத் தேர்வில் ஒரே அணி இருவரையும் எடுத்தது. தெற்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் புகழோடு வந்த ஸ்வான் முதல் சுற்றில் 21ஆவது ஆள். அலபாமா ஏ அண்ட் எம் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்த ஸ்டால்வொர்த் நான்காம் சுற்றில் 82ஆவது ஆள். பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் இருவருக்கும் தலா நான்கு வெற்றிகள்.

ஸ்வான் சிறுவயதில் பாலே நடனம் கற்றவர். பெயரிலேயே அன்னம் இருக்கிறது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் விளையாடாமல் விட்டிருக்குமா? 1976 ஜனவரியில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்கு எதிரான சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனவர், களமிறங்குவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. இறங்கினார். 53 கஜப் பந்து ஒன்றுக்கு எதிராளி மார்க் வாஷிங்டனோடு சேர்ந்து எகிறினார். பந்து விரலில் பட்டுத் துள்ளியது. இருவரும் கீழே விழுந்துகொண்டிருக்க, விழும்போதே பந்தின் மேல் கண்ணை வைத்து, தரையில் சாய்ந்தபடி அதைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். இன்றுவரை திரும்பத் திரும்பக் காட்டப்படும் அந்தப் பிடியால் அணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை என்பது பலருக்கு மறந்துபோனது. அந்த முயற்சி, கோல் கம்பங்களுக்கு இடையே போகாமல் தவறிப்போன ஓர் உதையில் முடிந்தது. புள்ளி தந்தது பிற்பாடு வந்த 64 கஜப் பந்து. எறிந்த டெர்ரி பிராட்ஷா அடிவாங்கி விழுந்ததால் அதைப் பார்க்கவே இல்லை. நான்கு பிடிகள், 161 கஜம், ஆட்டநாயகன் விருது.

ஸ்டால்வொர்த்தின் கணம் 1980 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக. மூன்றாம் கால்பகுதியில் ஸ்வான் அடிபட்டு வெளியேறிவிட்டார். நான்காம் பகுதியில் ஸ்டீலர்ஸ் 17-19 என்று பின்தங்கியிருந்தது. ஸ்டால்வொர்த் நின்று திரும்புவதுபோல் போக்குக் காட்டி, மறுபடி நேராக ஓடினார். தோளுக்கு மேலாகப் பின்னாலிருந்து வந்த பந்து, எதிராளி ராட் பெர்ரியின் நீட்டிய கையைத் தாண்டி, இவர் உள்ளங்கைகளில் வந்து இறங்கியது. ஓட்டத்தின் வேகம் துளி குறையவில்லை. 73 கஜம், பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் நுழைந்து புள்ளி எடுக்கும் டச் டவுன், முன்னிலை.

ஆங்கிலத்தில் இரண்டுமே 'கேட்ச்'. தமிழில் எழுதினால் முதலாவதற்குப் பறித்தார் என்று வரும். இரண்டாவதற்கு ஏந்தினார் என்றுதான் கை தானாக எழுதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்வான் ஒன்பது பருவங்களில் 336 பிடிகள், 5,462 கஜம், 51 டச் டவுன். ஸ்டால்வொர்த் பதினான்கு பருவங்களில் 537 பிடிகள், 8,723 கஜம், 63 டச் டவுன். பிடி ஒன்றுக்குச் சராசரி எடுத்தால் இருவருக்கும் 16 கஜமும் கால் கஜமும்! வித்தியாசம் ஒரு கஜத்தில் நூறில் ஒரு பங்கு. மொத்தத்தை வைத்து ஸ்வானைக் குறைத்துப் பேசுவதும் நியாயமில்லை. ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து கஜத்துக்கு அப்பால் பந்தேற்பாளரை இடிக்கக் கூடாது என்ற விதி 1978இல்தான் வந்தது. 1982 பருவத்தோடு விலகிய ஸ்வானின் ஒன்பது பருவங்களில் முதல் நான்கு அந்தப் பாதுகாப்பு இல்லாத காலம். அணியும் அப்போது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையே நம்பியிருந்தது. ஸ்டால்வொர்த் புதிய விதியின் பலனை நிறையவே அனுபவித்தார்: 1984இல், 32 வயதில், 80 பிடிகள், 1,395 கஜம்.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு பந்து மிச்சமிருந்து, அதுவும் கூட்டத்துக்கு நடுவே தலைக்கு மேலே வருமென்றால் ஸ்வான்தான். ஆனால் பந்தேற்பாளர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு படம் ஒட்டச் சொன்னால் ஸ்டால்வொர்த்தின் படத்தை ஒட்டுவேன். கோட்டோரம் அகன்று நின்று, வருவதை ஏற்று, ஓடிக்கொண்டே இருப்பது பதினான்கு பருவமும் அவர் வேலை.

அமெரிக்கக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இருவர் பெயருக்கும் நேராக இருப்பது அதே வைட் ரிசீவர்தான். ஸ்வான் 2001இல் நுழைந்தார், ஸ்டால்வொர்த் அடுத்த ஆண்டு. 2001 விழாவில் தன்னை மேடையில் அறிமுகம் செய்ய ஸ்வான் தேர்ந்தெடுத்த ஆள் ஸ்டால்வொர்த்.