வீட்டுக்குப் போகும் நாளில் சொல்ல வேண்டியது

ஹெரோயின் பழக்கத்தை நிறுத்த வருபவர்களிடம் முதல் வாரம் நான் அதிகம் பேசுவதில்லை. மூக்கு ஒழுகும், ஓயாமல் கொட்டாவி வரும், கை கால் முறுக்கும், வயிற்றால் போகும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் மோசம். அந்த நேரத்தில் புத்திமதி காதில் ஏறாது. மருந்து, கஞ்சி, பக்கத்தில் ஓர் ஆள், இவை போதும்.

நான் உட்கார்ந்து பேசுவது, அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நாளில்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன் ஒருவர். கொழும்பில் கடை வேலைக்குப் போன இடத்தில் பழகியது. மூன்று வாரம் தொடாமல் இருந்து முகம் தெளிந்திருந்தார். கூட்டிப்போக அம்மா புதுச் சட்டையோடு வந்திருந்தார்.

"தம்பி, தப்பித்தவறி மறுபடி எடுத்தால் எவ்வளவு எடுப்பீங்க?"

அம்மாவின் முகம் சுருங்கியது. பையன் தலையைக் குனிந்துகொண்டு, "முந்தி எடுத்த அளவுதான் டொக்டர்" என்றார்.

"கவ்வாத்து வெட்டின மலையில மறுவாரமே பழைய கிலோவுக்குக் கொழுந்து எடுக்க முடியுமா?"

"அது எப்படிங்க ஐயா, முதல்ல துளிர்க்கணுமே" என்றார் அம்மா.

உடம்பும் அப்படித்தான். தினமும் எடுத்தபோது வந்த தாங்கும் சக்தி, விட்டதும் சீக்கிரமே இறங்கிவிடும். முந்தி சாதாரணமாகப்பட்ட அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடும். வார்டிலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. கூடவே சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம்.

இப்படிப் பேசினால் திரும்ப எடுக்கச் சொன்னது போலாகாதா என்று கேட்கிறார்கள். ஆகாது. ஏசுவார்களே என்று பயந்தவர்தான் கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக எடுப்பார். விழுந்தால் தூக்க ஆளிருக்காது.

அம்மாவிடமும் சொன்னேன்: எழுப்பினால் எழும்பாமல், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, உதடு நீலம் பாய்ந்து, கரகரவென்று குறட்டை வந்தால் அது தூக்கமில்லை. உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஹெரோயினின் வேகத்தை முறிக்கும் நலொக்சோன் ஊசி போட்டுக் கண் விழித்தாலும் உடனே கூட்டிவராதீர்கள். அந்த மருந்தின் வேகம் ஒன்றரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடலாம், மயக்கம் திரும்பி வரும்.

அம்மா 1990 என்பதைக் கிளினிக் கொப்பியின் மேலட்டையில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.