கேள்வி கேட்கத் தெரிந்தால் போதாது, தம்பி

போன வாரம் இங்கே சிங்கப்பூரில் வார்டு சுற்று முடிந்து காப்பி குடிக்க உட்கார்ந்தோம். ஃபுளோரிடாவில் ஆறு வார எலெக்டிவ், அதாவது வெளியூர் மருத்துவமனையில் விருப்பப் பயிற்சி, முடித்துத் திரும்பியிருந்த மருத்துவ மாணவர் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார்: “டாக்டர், கடைசி ரெண்டு வாரம் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவே இல்லை. நானே ஸ்பானிஷ்ல ஹிஸ்டரி எடுத்தேன்.” நோயாளியிடம் கேட்டு நோயின் விவரங்களைத் தெரிந்துகொள்வதைத்தான் ஹிஸ்டரி என்கிறோம்.

எதுவரை படித்திருக்கிறார் என்று கேட்டேன். ஸ்பானிஷில் இடைநிலையான பி1 முடித்துவிட்டாராம், அதற்கு அடுத்த படியான பி2 பாதியில் நிற்கிறதாம். சரி, பார்த்த நோயாளிகளில் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். பியூர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த அறுபது வயது அம்மா ஒருவர். மூன்று நாளாக ‘ஃபதீகா’ என்று சொல்லியிருக்கிறார். இவர் ‘சோர்வு’ என்று எழுதி, ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை போட்டிருக்கிறார். மறுநாள் காலையில் அதே தீவைச் சேர்ந்த மூத்த தாதி ஒருவர் அந்த அம்மாவிடம் நாலு வார்த்தை பேசியதுமே நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு பக்கமும் விசில் சத்தம். பாடப்புத்தகத்தில் ஃபதீகா என்றால் சோர்வுதான். ஆனால் பியூர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் மக்கள் பலர் பேச்சில் அது மூச்சிரைப்பு, ஆஸ்துமா. (முதல் நாளே நெஞ்சைக் கேட்டிருந்தால் மொழி இல்லாமலே விஷயம் தெரிந்திருக்கும். அதையும் அவரிடம் சொன்னேன்.)

இந்த ஆண்டில் இப்படி எனக்கு வந்த மூன்றாவது கதை இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஸ்பானிஷ் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படியுங்கள். நானும் அமெரிக்காவில் பயிற்சியில் இருந்த ஒரு வருடத்தில் படித்தவன்தான். ஒரு பாட்டியிடம் அவர் மொழியில் ‘காலை வணக்கம்’ சொன்னால் அந்த முகம் எப்படி மலரும் என்று பார்த்திருக்கிறேன். என்னைக் கவலைப்பட வைப்பது ஒரே ஒரு நம்பிக்கைதான்: “கேள்வி கேட்க வந்துவிட்டது, அதனால் ஹிஸ்டரி எடுக்கலாம்.”

கேள்வி உங்களுடையது. எங்கே வலிக்கிறது, எப்போது ஆரம்பித்தது, காய்ச்சல் உண்டா என்று முப்பது கேள்விகளை ஒரு வார இறுதியில் மனப்பாடம் செய்துவிடலாம். பதில் நோயாளியுடையது. அவர் உங்கள் பாடப்புத்தகத்தைப் படித்தவர் இல்லை. வலியில் பேசுவார், பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பேசுவார், கொல்லையில் செத்த கோழியிலிருந்து தொடங்கி நெஞ்சுவலிக்கு வந்து சேருவார். அந்தக் கோழியில்தான் சில நேரம் நோயே இருக்கும். பி1 காதுக்கு அதில் பாதிதான் விழும். விழாத பாதியை மூளை சும்மா விடாது, தனக்குத் தெரிந்த நோய்க்கு ஏற்றபடி நிரப்பிக்கொள்ளும். மொழியே தெரியாதவர் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுவிடுவார், அவரால் ஆபத்து குறைவு. பாதி தெரிந்தவர் கூப்பிட மாட்டார்.

நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. தமிழ் வாய்க்கு ஸ்பானிஷ் சீக்கிரம் படிந்துவிடும். அவர்களுடைய ‘த’ பல்லில் படுகிற நம் ‘த’தான். ஒற்றை ரகரமும் அழுத்தமான றகரமும் அங்கேயும் வேறுவேறு. இலக்கணத்திலும் பாருங்கள், ‘மே துவேலே லா கபேசா’ என்றால் ‘எனக்குத் தலை வலிக்கிறது’. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறுகிற இடத்தில் நாம் ‘எனக்கு’ என்றே தொடங்கிப் பழகியவர்கள். விளைவு, இரண்டே மாதத்தில் உச்சரிப்பு பிரமாதமாக வந்துவிடுகிறது. நோயாளி அதைக் கேட்டு, இந்தப் பிள்ளைக்கு நம் மொழி முழுக்கத் தெரியும் என்று நம்பி, ஊரில் பேசுகிற வேகத்தில் பேச ஆரம்பித்துவிடுகிறார். நீங்களும் தலையாட்டுகிறீர்கள். தயவுசெய்து அப்படித் தலையாட்டாதீர்கள்.

‘மே தோலியா எல் பேச்சோ’, ‘மே தோலியோ எல் பேச்சோ’. கடைசி உயிரும் அழுத்தம் விழும் இடமும்தான் வேறு. முதலாவது, நெஞ்சு வலித்துக்கொண்டிருந்தது, அல்லது அவ்வப்போது வலிக்கும் என்பது. இரண்டாவது, வலித்தது, முடிந்தது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் வந்துபோன வலிக்கும் ஒரே ஒரு நாள் வந்த வலிக்கும் என்ன வித்தியாசம் என்று மருத்துவ மாணவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இடைநிலை வகுப்பில் இந்த இரண்டு இறந்த காலங்களில்தான் எல்லாருக்கும் மதிப்பெண் போகிறது. பரீட்சையில் போனால் பரவாயில்லை.

ஊருக்கு ஊர் பொருள் மாறுவது வேறு. ஸ்பெயினில் ஒருவர் ‘கோன்ஸ்திபாதோ’ என்றால் சளி பிடித்திருக்கிறது. லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் அதுவே மலச்சிக்கல்.

1980இல் ஃபுளோரிடாவில் நடந்தது தெரியுமா? 18 வயது இளைஞர் ஒருவரை நினைவிழந்த நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். கியூபக் குடும்பம். ‘இன்தொக்சிகாதோ’ என்றார்கள், சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில். ஆங்கிலக் காதுக்கு அது போதை என்று விழுந்தது. போதைமருந்து அதிகமாகிவிட்டது என்று முடிவுசெய்து அதற்கே சிகிச்சை கொடுத்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்து, கைகால் நான்கும் செயலிழந்தன. வழக்கில் ஏறத்தாழ 7.1 கோடி டாலர் வரை இழப்பீடு என்று முடிந்தது. அன்றைக்கு யாரும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை, ஏனென்றால் புரிந்துவிட்டது என்றே இரு தரப்பும் நினைத்தது.

அதெல்லாம் அமெரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. அந்த 2.5க்குள் இருக்கும் பாட்டி ஒருவர் போன மாதம் என் வார்டில் படுத்திருந்தார். உயர்நிலைப் பள்ளி வரை தமிழ் படித்த மாணவி, “பாட்டி, மயக்கமா?” என்று கேட்க, “ஆமாம்மா, மயக்கமா வருது” என்றிருக்கிறார். கோப்பில் ‘நினைவிழப்பு’ என்று ஏறி, இதயத் துடிப்பை 24 மணி நேரம் பதிவுசெய்யும் கருவியும் நெஞ்சில் ஒட்டியாகிவிட்டது. நான் போய், “கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா பாட்டி, இல்ல வீடே சுத்துற மாதிரி இருந்துச்சா?” என்று கேட்டேன். பாட்டி பதில் பேசவில்லை. ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காற்றில் மெதுவாக வட்டம் போட்டுக் காட்டினார். கட்டிலில் புரண்டு படுத்தால் சுற்றுகிறதாம். காதுக் கோளாறு. சொந்த மொழியிலேயே இப்படி என்றால் பி1 ஸ்பானிஷை எப்படி நம்புவது?

எலெக்டிவ் போகிறவர்களே, முதலில் படிக்க வேண்டிய வாக்கியம் ‘எங்கே வலிக்கிறது’ இல்லை. ‘நோ லே என்தெந்தீ’, ‘நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை’. வெட்கப்படாமல் வரும்வரை சொல்லிப் பழகுங்கள். வயதானவர்களிடம் ‘உஸ்தேத்’ என்றே பேசுங்கள். செயலி கற்றுக்கொடுத்த ‘தூ’வோடு பாட்டியிடம் போவது, இங்கே ஒரு பாட்டியை ‘நீ’ என்பதற்குச் சமம். படிக்கும் நேரத்தில் பாதியைக் கேட்பதற்கு ஒதுக்குங்கள். உங்கள் நோயாளிகள் எந்த நாட்டுக்காரர்களோ அந்த நாட்டு வானொலியைக் கேளுங்கள்.

சம்மதப் படிவம், கெட்ட செய்தி, வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து விளக்கம், இந்த மூன்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். உங்கள் ஸ்பானிஷ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. மருந்து அட்டையில் ஆங்கிலத்தில் ‘ஒரு முறை’ என்று எழுதுகிற அதே நான்கு எழுத்து (once) ஸ்பானிஷில் பதினொன்று. நோயாளியின் பத்து வயது மகனை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அம்மாவின் கருப்பை ரத்தப்போக்கை அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

அமெரிக்காவில் அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழியுதவியை இலவசமாகவே தரவேண்டும். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்திலிருந்து வந்த கடமை அது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவதால் நீங்கள் தோற்றுப்போவதில்லை, அது நோயாளியின் உரிமை. அவர் வந்தபிறகும் நீங்கள் நோயாளியைப் பார்த்தே பேசுங்கள். உங்கள் பி1 அப்போதுதான் உருப்படியாக உதவும். மொழிபெயர்ப்பில் விடுபட்டது காதில் தட்டும், உடனே திரும்பக் கேட்கலாம். கடைசியில், மருந்தை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்லிவிட்டு, முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருங்கள்.