‘படப் பதிவு’ அல்ல, படப் பொருத்தம்

மருத்துவப் படமாக்கம் பற்றித் தமிழில் வரும் மொழிபெயர்ப்புகளில் ‘எம்.ஆர்.ஐ. படத்துடன் பெட் (PET) படம் பதிவு செய்யப்படுகிறது’ என்பது போன்ற வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ‘இமேஜ் ரெஜிஸ்ட்ரேஷன்’ என்றால் ‘படப் பதிவு’, ‘கோ-ரெஜிஸ்ட்ரேஷன்’ என்றால் ‘இணைப் பதிவு’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வேலையில் எதுவும் பதிவாவதே இல்லை. இரண்டு படங்களும் ஏற்கெனவே எடுத்து முடிந்தவை.

மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று பார்க்கிறார்கள். எம்.ஆர்.ஐ. மூளையின் மடிப்புகளை ஏறக்குறைய 1 மி.மீ. நுணுக்கத்தில் காட்டும், அப்படியும் கோளாறு கண்ணுக்குத் தப்பிவிடுவது உண்டு. கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் போன்ற மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் பெட் படத்தில், வலிப்பு கிளம்பும் இடம் பல நேரம் மங்கித் தெரியும். வலிப்பு இல்லாத வேளையில் அங்கே குளுக்கோஸ் செலவு குறைவு. ஆனால் பெட் படத்தின் நுணுக்கம் 4, 5 மி.மீ. அளவுதான், எந்த மடிப்பு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு நாளில், தலை வேறு வேறு சாய்வில் இருக்கும்போது எடுத்தவை. கணினி ஒரு படத்தை நகர்த்தி, திருப்பி, மற்றதோடு இடத்துக்கு இடம் ஒக்கும்படி வைக்கிறது. ரெஜிஸ்ட்ரேஷன் என்பது இதுதான்.

சொல்லின் மூலம் லத்தீன்; குறித்துவைத்தல் என்ற பொருளில் வந்தது. அச்சுத் தொழிலில் அதற்கு வேறொரு பொருள் ஏற்பட்டது: ஒரு அச்சின் மேல் அடுத்த அச்சு விலகாமல் விழுவது. நான்கு வண்ண அச்சில் சிவப்பு கொஞ்சம் நகர்ந்தால் உதட்டுக்கு வெளியே நிறம் வழியும். ‘ரிஜிஸ்டர் சரியில்லை’ என்பார்கள் அச்சகத்தில். படமாக்கத்தில் வழங்குவது இந்தப் பொருள். மொழிபெயர்ப்பாளர் பிடித்துக்கொண்டதோ பத்திரப் பதிவு அலுவலகத்தின் பொருளை.

‘இணைப் பதிவு’ இன்னும் மோசம். இந்தத் துறையில் உண்மையாகவே ஒரே நேரத்தில் பதிவு செய்யும் முறைகள் இருக்கின்றன. தலையில் மின்முனைகளை மாட்டியபடியே எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவைத்து, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யையும் எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தையும் ஒன்றாக எடுக்கிறார்கள். ரத்த ஓட்ட மாற்றத்தைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. சில விநாடி பின்தங்கும், இ.இ.ஜி. மில்லி விநாடியைப் பிடிக்கும். பெட்டும் எம்.ஆர்.ஐ.யும் ஒரே சமயத்தில் எடுக்கும் முழுவுடல் கருவிக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வழக்கமான பெட் கருவியின் ஒளிபெருக்கிக் குழல்கள் காந்தப் புலத்தில் வேலை செய்யாது என்பதால், அதில் குறைக்கடத்தி உணரிகளை வைத்தார்கள். இவற்றுக்குத்தான் ‘உடன்பதிவு’ என்ற சொல் வேண்டும். பொருத்துவதற்கும் ‘பதிவு’ என்று எழுதிவிட்டால், படங்களை ஒன்றாக எடுத்தார்களா, எடுத்தபின் ஒக்கவைத்தார்களா என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆய்வு முறையின் அடிப்படையே அந்த வேறுபாடுதான்.

படப் பொருத்தம் என்பதே சரி. பொருந்து, பொருத்து என்று தன்வினையும் பிறவினையும் கையிலேயே இருக்கின்றன: படங்கள் பொருந்துகின்றன, கணினி பொருத்துகிறது. மண்டையோட்டின் வடிவம் மாறாதது, அதற்கு நெகிழாப் பொருத்தம். மூச்சில் அசையும் ஈரலுக்கு நெகிழ்பொருத்தம். ‘நெகிழாப் பதிவு’ என்று சொல்லிப் பாருங்கள், ஏதாவது விளங்குகிறதா? பொருத்தம் என்றால் ஜாதகம் நினைவுக்கு வருகிறதாம். வரட்டுமே. அங்கேயும் இரண்டை ஒப்பவைத்துத்தானே பார்க்கிறார்கள்.

அப்புறம், பொருத்திய படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்டும் ‘ஃபியூஷன்’. அதை ‘இணைவு’ என்று எழுதுவது அணுக்கரு இணைவிலிருந்து அப்படியே எடுத்தது. இங்கே எதுவும் உருகி ஒன்றாவதில்லை. சாம்பல் நிற எம்.ஆர்.ஐ. மேல் பெட்டின் வண்ணத்தைப் பரப்புகிறார்கள், வேண்டாதபோது எடுத்தும்விடலாம். மேலடுக்குப் படம் என்றாலே எல்லாருக்கும் புரியும். ஸ்கேன் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே இந்தச் சொற்கள் தாமாக வரும். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிப்பதே இல்லை.