மூடிய அணுஉலையின் நிலமும் 25 மில்லிரெம் கணக்கும்

அமெரிக்காவில் ஓர் அணுஉலையை மூடி, இடித்து, நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடுவிக்கும்போது அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லப்படுவது ஒரே ஓர் எண்தான்: ஆண்டுக்கு 25 மில்லிரெம், அதாவது 0.25 மில்லிசீவர்ட். நிலத்தில் எஞ்சிய கதிரியக்கத்தால் ஒருவருக்கு ஓர் ஆண்டில் சேரக்கூடிய கதிர்வீச்சின் வரம்பு அது; மில்லிரெம், மில்லிசீவர்ட் இரண்டும் அதை அளக்கும் அலகுகள். அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1997-இல் இதை விதியாக்கியது. இது தம் வீட்டு முற்றத்தில் அளந்து பார்த்த அளவு என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் இது கணித்துப் பெறப்படும் அளவு.

நிலத்தில் எஞ்சிய கதிரியக்கத்தால் மிகுதியாகப் பாதிக்கப்படக்கூடிய குழுவின் சராசரி மனிதருக்கு, அடுத்த 1000 ஆண்டுகளில் எந்த ஆண்டில் உச்ச அளவு சேரும் என்று கணித்து, அந்த உச்சத்தையே வரம்போடு ஒப்பிடுகிறார்கள். இயற்கைக் கதிர்வீச்சு இதில் சேராது. அமெரிக்காவில் அதுவே சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 310 மில்லிரெம் என்பதால், கையில் கருவியோடு அளந்து போனவர்களை "இது இயற்கையானது" என்ற ஒரே பதிலோடு திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கருவி காட்டிய எண்ணை விட்டுவிட்டு, கணக்கின் அடிப்படையைக் கேளுங்கள். அங்கேயே குடியிருந்து, பயிரிட்டு உண்டு, கிணற்று நீர் குடிக்கும் விவசாயியை வைத்துக் கணித்தார்களா, பகலில் மட்டும் வந்து போகும் தொழிலாளியை வைத்துக் கணித்தார்களா? பின்னவரை வைத்தால் மண்ணில் கூடுதல் மாசு விட்டுவைக்க இடமுண்டு.

நிலம் வாங்குவோர் பத்திரத்தில் பயன்பாட்டுக் கட்டுப்பாடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டோடு விடுவித்த நிலத்தில், அந்தக் கட்டுப்பாடு செயலிழந்தால் 100 மில்லிரெம் வரை விதி அனுமதிக்கிறது.

அலுவலக அலைச்சல் இதைவிடக் கொடியது. ஆணையத்தின் எண் 25. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் தூய்மைப்பணிகளுக்கு 2014-இல் வழிகாட்டிய எண் 12. மெய்ன் மாநிலச் சட்டம் மெய்ன் யாங்கி உலை நிலத்துக்கு விதித்தது 10, அதில் நிலத்தடி நீர் வழியாக 4. ஓர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். எனவே, "இந்த நிலத்துக்கான அணுசக்தி உரிமத்தைக் கண்காணிக்கும் அலுவலகம் எது?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். மின் உலை என்றால் ஆணையம். கதிரியக்கப் பொருள் கையாண்ட தொழிற்சாலை என்றால், பல மாநிலங்களில் மாநில அலுவலகமே பொறுப்பு.

பலர் ஏமாறுவது கெடுவில்தான். உரிமத்தை முடித்துக்கொள்வதற்குக் குறைந்தது 2 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவனம் அதற்கான திட்டத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். அதன்மீது முறையான விசாரணை கோர, அரசிதழ் அறிவிப்பிலிருந்து பொதுவாக 60 நாள்களே உண்டு. பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசியதை விசாரணைக் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதை அங்கு வந்து மணிக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உரிமம் முடிந்த பிறகோ, புதிய தகவலால் விதி மீறப்பட்டது தெரிந்து, அது பொதுமக்களின் உடல்நலத்துக்குக் குறிப்பிடத்தக்க அச்சுறுத்தலாகவும் இருந்தால்தான் ஆணையம் மீண்டும் தூய்மைப்பணிக்கு உத்தரவிடும். ஆகவே அறிவிப்பு வெளியான நாளைக் குறித்துவைத்து, திட்டத்தின் முழுப் பிரதியை அந்த வாரத்திலேயே எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.