காவல் முடிந்தும் வராத நித்திரை

காலபோக (மாரிகால நெற்செய்கை) அறுவடை முடிந்த பின்னர், நித்திரைக் குளிசை எழுதித் தரும்படி கேட்டு வரும் கமக்காரர்களைக் கிளிநொச்சியில் ஆண்டுதோறும் காண்கிறேன். யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி வயற்கொட்டிலில் விழித்திருந்த அவர்களுக்கு, நெல் வீடு வந்த பிறகும் இரவு இரண்டு மணிவரை கண் மூடுவதில்லை. நான் முதலில் கேட்பது, காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள் என்பதைத்தான். அண்மையில் வந்த ஒருவர் பத்து மணி என்றார். அவருடைய சிக்கல் அங்கேதான் இருந்தது.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடலின் கடிகாரமாக இயங்கும் சிறிய நரம்பணுத் தொகுதி உள்ளது. பெரும்பாலானோரில் அதன் சுற்று 24 மணித்தியாலத்தைவிடச் சற்று நீளமானது என்பதால், காலை வெளிச்சம் அதை நாள்தோறும் முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். இல்லையேல் நித்திரை நேரம் பின்தள்ளிக்கொண்டே போகும். இதை வெறும் பழக்கம் என்று எண்ணுவோர் பலர். ஆனால் பழ ஈயிலேயே இக்கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களை ஆராய்ந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சன்னல் சாத்திய அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்கூட இருப்பதில்லை. முற்றத்திலோ மப்பு நாளிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே எப்போது உறங்கினாலும் ஆறு மணிக்கு எழுந்து, அரை மணித்தியாலம் வெளியில் நடக்கச் சொன்னேன்.

"இரவு முழுக்க முழிச்சுக் கிடந்தவனை விடியக் காலமையும் எழும்பச் சொல்லுறீங்களோ ஐயா?"

ஆம், அதுவே மருந்து என்றேன். முதல் சில நாட்கள் பகலில் கண் சொருகும் என்பதால், மோட்டார் சைக்கிளில் தூரம் போக வேண்டாம் என்றும் எச்சரித்தேன். இரவு எட்டு மணிக்குக் குடிக்கும் பிளேன்ரீயையும் நிறுத்தச் சொன்னேன். நித்திரையைக் கலைக்கும், அதிலுள்ள கஃபீனில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மணித்தியாலம் கழிந்தும் உடலில் தங்கியிருக்கும்.

பொதுவாகக் கொடுக்கப்படும் நித்திரைக் குளிசை மயக்கத்தைத் தருமேயன்றி இக்கடிகாரத்தைத் திருத்தாது; வாரக்கணக்கில் எடுத்தால் உடல் அதற்கு அடிமையாகிவிடும். ஏற்கெனவே எடுப்போர் திடீரென நிறுத்தாமல், வைத்தியரின் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். போர்க்காலக் கெட்ட கனவுகளால் திடுக்கிட்டு விழிப்போருக்கும், குறட்டையிடையே மூச்சு நின்றுபோவோருக்கும் இம்முறை மட்டும் போதாது. அவர்கள் தயங்காமல் வைத்தியரிடம் வர வேண்டும்.

அடுத்த காலபோகத்துக்குப் பக்கத்து வயல்காரரோடு காவலை இரவு ஒரு மணியோடு பிரித்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம். முன்னிரவில் காப்பவர் ஒரு மணிக்கும், பின்னிரவில் காப்பவர் மாலை ஏழரைக்குமாகப் படுத்தால், இருவருக்கும் ஐந்து மணித்தியாலமாவது இடையறாத நித்திரை கிடைக்கும். அந்த முறையைக் கிழமைக்குக் கிழமை மாற்ற வேண்டாம் என்று மட்டும் வற்புறுத்திச் சொன்னேன்.